முதலில் நான் சிரிப்பதில்லை

வௌவாலின் பேரை வைத்துக்கொண்ட ஊர்,
குளுவாங்.
பதினோரு வருடமாய் இங்கே
பெரியாஸ்பத்திரியில் மனநல நிபுணர் நான்.
வாரத்துக்கு நூற்றுச் சொச்சம் பேர்.
சந்தையில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

அது ஒரு சட்டம், எங்கும் எழுதி வைக்காதது.
மீன்கடையில் எனக்கெதிரே நின்று
கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்
நேற்று என் மேசையில் தலைவைத்து அழுதவராக இருக்கலாம்.
அவர் சிரித்தால் சிரிப்பேன்.
இல்லாவிட்டால்
நானும் மீனைத்தான் பார்ப்பேன்.

திமிர் பிடித்தவள் என்று பேராம் எனக்கு.
ரொஹாயு மிஸ்ஸி வந்து சொன்னாள்.
இருக்கட்டும் என்றேன்.

கிளினிக் செவ்வாயும் வியாழனும்.
இனிப்புநீர்க்காரர்களின் வரிசைக்குப் பக்கத்தில் எங்கள் வரிசை.
சண்டை போட்டு வாங்கிய இடம் அது.
முன்பெல்லாம் பின்கட்டில் தனி அறை,
பிணவறைக்குத் திரும்பும் முடுக்கில்.
இப்போது தெரிந்தவர் யாரும் பார்த்துவிட்டால்
'எனக்குச் சர்க்கரை' என்று சொல்லித் தப்பிக்கலாம்.

மனசு என்று யாரும் ஆரம்பிப்பதில்லை.
தலை கிறுகிறுங்குது,
நெஞ்சுல ஏதோ ஓடுது,
மண்டோருக்கும் எனக்கும் ஆகல,
சாமி குத்தமா இருக்கும் டாக்டர்.
பாரத்தில் எழுத மலாய்,
மேலிடத்துக் கடிதத்தில் ஆங்கிலம்,
அழுவது தமிழில்.
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏற்றும்போது
லாரியிலிருந்து உதிரும் செம்பனைப் பழம்போல
ஏதோ கொஞ்சம் வழியில் விழுந்துவிடுகிறது.
அதைப் பொறுக்கத்தான் எனக்குச் சம்பளம்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லோகேஸ்வரி நிஜமாகவே உதிரி பொறுக்குகிறவள்.
பன்னிரண்டு நிமிடம் கொடுத்தேன் அவளுக்கு.
அன்று வெளியே நாற்பத்தொரு பேர்.
'தூக்கம் மட்டுந்தான் வரல' என்றாள்.
அதை மட்டும் எழுதினேன்.
அடுத்த தேதிக்கு அவள் வரவில்லை.
அவள் வீட்டுக்காரர் வந்தார்,
அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்,
'இனிமே இது வேணாங்க.'
விதிப்படி அது பதிவறைக்குப் போகவேண்டும்.
என் இழுப்பறையில் இருக்கிறது.

சனிக்கிழமை, பாசார் மாலாம்.
மழை விட்ட தார்ச்சாலை, சாத்தே புகை.
அவித்த சோளத்துக்கு நின்றிருந்தேன்.
பாவாடைராயன் வந்தார்.
முப்பது வருடம் குலை வெட்டியவர்.
மரமெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுது என்று
தோட்டத்தைவிட்டு ஓடி,
போன வருடம் போலீஸ் காடியில் வந்து இறங்கியவர்.
நான் சோளத்தைப் பார்த்தேன்.
அவர் பார்க்கவிடவில்லை.

'டாக்டரம்மா!'
குலை விழும்முன் ஆளை விலக்கும் அதே குரல்.
கூட வந்த மச்சானிடம் என்னைக் காட்டி,
'இவுங்கதான்யா, நான் பைத்தியமா இருந்தப்ப பார்த்தவுங்க.
இன்னமும் பார்க்கிறாங்க.'

சந்தையே நின்றது.
அப்படித்தான் எனக்குப் பட்டது.
உண்மையில் பக்கத்தில் ஓர் அம்மா
பலாச்சுளைக்குப் பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.
காது சுட்டது எனக்குத்தான்.
பதினோரு வருடம் பொத்திக் காத்ததை
ஒரு மனிதர் பல்லில் சிக்கிய சோளத்தோல் மாதிரி
துப்பிவிட்டுச் சிரிக்கிறார்.

போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.
'மரம் இப்பல்லாம் கூப்பிடறதில்ல.
சில நாள் வெறிச்சுன்னு இருக்கு.'
'அதையும் செவ்வாய்க்கிழமை வந்து சொல்லுங்க' என்றேன்.
நேரம் கேட்டுக் கொடுப்பேன், இந்தத் தடவை.

சோளக்காரர் இரண்டு கேட்டதற்கு மூன்று வைத்தார்.
சில்லறை எண்ணும் சாக்கில் குனிந்து,
'செவ்வாயில எத்தன மணிக்கு?'
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
'எட்டுக்கே நம்பர் எடுத்துடணும்.
இனிப்புநீர் வரிசைக்குப் பக்கத்துல.'

காடிக்கு நடக்கும்போதே
அவர் முகத்தை மறக்கத் தொடங்கியிருந்தேன்.